சட்டை மாறும் நாளில் செய்யக் கூடாதது

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு போன் செய்தாள். நான் பார்த்த அதே வேலைக்கு, டைம் ஆபீஸில் வருகையும் சம்பளமும் கவனிக்கச் சேர்ந்து இன்னும் ஒரு தீபாவளி போனஸ்கூட வாங்காத பெண். "மேடம், ஒரு சின்னப் பிரச்சினை" என்று ஆரம்பித்தாள். நம் வேலையில் இருப்பவர்கள் "சின்னப் பிரச்சினை" என்றால் அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் மில்லில், தொழிலாளிகளைக் கொடுக்கும் கான்ட்ராக்டர் மாறுகிறாராம். கேட்டுக்கு வெளியே வயசான ஆள் ஒருவர் வந்து நின்றுகொண்டு, ஷிப்டுக்கு வருகிற பையன்களைக் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்கிறாராம். புது கான்ட்ராக்டரின் ஆளுக்குக் கோபம். செக்யூரிட்டியை விட்டு விரட்டலாமா, இல்லை போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டாள்.

"என்ன சட்டை போட்டிருக்கார்?" என்றேன்.

"நீலம், மேடம். சாயம் போன நீலம். பாக்கெட்டு மேல இருந்த பேரைப் பிரிச்செடுத்த தையல் தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். "விரட்டிடாதேடி. பதிலை எழுதி அனுப்புறேன். உன்கூடச் சேர்ந்தவங்களும் படிக்கட்டும்" என்றேன். இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளும். ரிட்டையர் ஆனவளிடம் கேள்வி கேட்டால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவு எப்படிப் போடுவது, சம்பளம் எந்த சாஃப்ட்வேரில் ஓடுகிறது என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் சொல்லப்போவது சட்டைகளைப் பற்றி.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலை ரயிலைவிட்டு இறங்கி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நடக்கிறவர்களைப் பாருங்கள். பழுப்பு, சாம்பல், பச்சை, நீலம். சட்டை கான்ட்ராக்டர் கொடுப்பது. கான்ட்ராக்டர் மாறினால் சட்டை மாறும். மிஷின் மாறாது. ஷிப்டு மாறாது. பக்கத்தில் நிற்பவனும் அவனேதான், திட்டுகிற சூப்பர்வைசரும் அவனேதான். ஆனால் காகிதத்தில் மட்டும் அத்தனை பேரும் பழைய வேலையைவிட்டு நின்று, புது வேலையில் புதிதாகச் சேர்ந்திருப்பார்கள். அன்றைக்கு பி.எஃப். கணக்கைத் துடைத்து எடுப்பது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "சட்டைப் பணம்" என்று அதற்குப் பெயர்கூட உண்டு. சட்டைப் பணம் வந்தால் பிள்ளைக்குக் காது குத்துவார்கள், கூரை ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவார்கள், ஆடி மாதமாக இருந்தால் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் செலவை ஏற்றுக்கொள்வார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு பிரியாணி கட்டாயம். நானும் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். ருசியாகத்தான் இருக்கும்.

அதன் விலை என்ன என்பதை எனக்குக் காட்டியவர், நான் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த அதிகாரி. அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சார் என்றே வைத்துக்கொள்கிறேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். மூக்குப்பொடி போடுவார். போட்ட பிறகுதான் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வார்.

அப்போது எங்கள் கேட்டில் வாட்ச்மேனாக ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தொட்டிருப்பார். கால் இரண்டும் வீங்கியிருக்கும். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் அவருக்கு நாற்காலி போட விடமாட்டான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்பது அவன் கட்சி. ஒருநாள் காலை சார் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நான் ஓடினேன். நாற்காலியை நிழலில் போட்டு, "உட்காரும்" என்றார். பெரியவர் உட்காரவில்லை. "வேணாங்கய்யா, வேலை பூடும்" என்று கும்பிட்டார்.

"வேலை போனா நான் பாத்துக்கிறேன், உட்காரும்!" என்று சார் ஒரு கத்து கத்தினார். பயத்தில் உட்கார்ந்தார் மனுஷர்.

பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இதே பேட்டையில், ஒரே வார்ப்பாலையில், முடி நரைக்கும்வரை வேலை பார்த்தவர் அவர். "எத்தினி வருசம்னு இன்னா கேக்குற, அது ஆச்சு ஒரு ஆயுசு. ஆனா சட்டை மாறிக்கினே இருந்துச்சிம்மா. மாறுன ஒவ்வொரு வாட்டியும் டப்பு வந்திச்சு, எடுத்துக்கினேன். கடசீல கைய நீட்டுனா, உனக்கு சர்வீஸே இல்லன்றான்."

ஆபீசுக்குத் திரும்பும்போது, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல நான், "பாவம், குடிச்சு அழிச்சிருப்பார்" என்றேன். சார் நின்றார். பொடி போட்டார். அன்றைக்கு நான் வாங்கியதுபோல் திட்டு வாழ்க்கையில் வாங்கியதில்லை.

"குடிச்சானாம்! நீ பாத்தியா? சம்பளத்துல முக்கால்வாசியை அலவன்ஸுன்னு பிரிச்சு எழுதி, பி.எஃப். பிடிக்கிற தொகையைச் சுண்டைக்காய் ஆக்கினது அவனா? ஒரே வேலைக்கு அஞ்சு முதலாளியைக் காட்டினது அவனா? பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னா கையில இருக்கிற ஒரே பணத்தை எடுக்காம என்னம்மா செய்வான்? சட்டை கான்ட்ராக்டர் குடுக்கிறான். அதைப் போட்டுக்கிறவங்க தங்க வயசை நம்மகிட்ட குடுத்துட்டுப் போறாங்க. அதுக்குக் கணக்கு சொல்ல வேண்டியது நீயும் நானும்."

தொழிலாளி ஏன் கடைசிக் காலத்தில் நிம்மதியாக ஓய்ந்து உட்கார முடியவில்லை என்று யாராவது உங்களிடம் கேட்டால், இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அவன் சேர்க்கத் தெரியாதவன் இல்லை. சேர்ந்ததை ஒவ்வொரு தடவையும் கலைக்கும்படி ஏற்பாடு இருக்கிறது.

இப்போது நீலச்சட்டைக்காரருக்கு வருகிறேன். அவர் பெயர் ஏழுமலை.

கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அப்பா அம்மா நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் வாலிபத்திலேயே எங்கள் ரோலிங் மில்லுக்கு வந்துவிட்டார். காய்ச்சி உருட்டிய கம்பி செக்கச்செவேலென்று வெளியே வந்து ஆறும் இடத்தில் வேலை. அந்தப் பக்கம் போனாலே நமக்கு முகம் எரியும். அவர் அங்கே நின்று பாட்டுப் பாடுவார். கொடுமையான குரல். பழுப்பு, சாம்பல் என்று பழைய சட்டைகள் எல்லாவற்றின் பணத்தையும் எடுத்துவிட்டார். வீட்டுக்குத் தளம், அம்மாவின் வைத்தியம், மகள் கல்யாணம். எதையும் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்குப் பிறகு வந்த பச்சைச் சட்டை கான்ட்ராக்டர் மட்டும் நல்லவிதமாக எட்டு வருஷத்துக்கு மேல் நிலைத்தார். ஏழுமலையின் வாழ்க்கையிலேயே நீளமான சட்டை அதுதான். அந்தக் கான்ட்ராக்டும் முடிந்து நீலச்சட்டை வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். நான் தொழிலாளிகளிடம் சொல்வது போலவே சொல்கிறேன், உங்களுக்கும் அதுவே போதும். இரண்டு குடம். ஒன்று பி.எஃப். குடம். அதில் உள்ளதை எடுத்தால் பணம் போகும், அவ்வளவுதான். இன்னொன்று பென்ஷன் குடம். அதில் பணம் மட்டுமல்ல, வருஷங்களும் இருக்கின்றன. ஐம்பத்தெட்டு வயதுக்குள் பத்து வருஷம் சேர்ந்துவிட்டால் சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் வரும். பிறகு மனைவிக்குப் பாதி வரும். நடுவில் கவிழ்த்தால் வருஷங்களும் சேர்ந்து கொட்டிப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், புதியதை நீங்கள் படித்துக்கொள்ளுங்கள்.

பச்சைச் சட்டையில் சேர்ந்ததையும் நடுநடுவே அட்வான்ஸாக எடுத்துவிட்டதால், ஏழுமலைக்கு முதல் குடம் ஏற்கெனவே அடிமட்டம். இரண்டாவதில் எட்டு வருஷம் இருந்தது. அதை அப்படியே நீலச்சட்டைக்கு மாற்றிக்கொண்டால் ஐம்பத்தெட்டுக்குள் பத்தைத் தொட்டுவிடலாம். கவிழ்த்தால் மிச்சமிருக்கும் காலத்தில் பத்து சேரவே சேராது. அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

சட்டை மாறிய அன்று பகலில் கேன்டீன் திருவிழாக் கடை மாதிரி இருந்தது. கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் மேஜைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டு, போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் இரண்டு குடத்தையும் கவிழ்க்க விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அது சேவை. ஆட்களுக்கும் சந்தோஷம். நான் போய் நின்றதும் எல்லார் முகமும் சுருங்கியது.

"பி.எஃப். எடுக்கிறவங்க எடுங்க. பென்ஷனைத் தொடாதீங்க" என்றேன்.

"அக்கா வந்துட்டாங்கடா, இனிமே பேஜாருதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஆனால் வரிசையில் சிலர் விலகினார்கள்.

ஏழுமலை விலகவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆதாரோடு சேர்ந்திருந்தது மகன் தினேஷின் நம்பர். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஓடிபி மகனுக்குப் போய்விட்டது. மகனோ ரோட்டில் இருந்தான். ஏழுமலை யாரிடமோ போன் வாங்கி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அவசரம் ஏழுமலை?"

"பையனுக்கு ஆட்டோக்கா. ஊத்துக்கோட்டை ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன்றான். முன்பணம் கட்டணும். இத்த வுட்டா எங்கிட்ட வேற இன்னா இருக்குது? ஆட்டோ ஓடுனா அதான் எனக்கு பென்சன்."

பிள்ளைகளே, இதை அசட்டுப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். வேலையில்லாத மகன், கைக்கெட்டிய பணம், ஓடக்கூடிய வண்டி. நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். இந்த இடத்தில்தான் நம் வேலை கஷ்டம். பணம் அவருடையது. தடுக்க எனக்கு உரிமை கிடையாது. பேசாமல் போனால் அவர் நட்டாற்றில் நிற்பார். லேப்டாப்காரன் வேறு, "சீக்கிரம் மேடம், டைம் அவுட் ஆயிடும்" என்று பறந்தான்.

நான் போனை வாங்கி, "தினேஷ், ஓடிபியைச் சொல்லாதே. நேரில் வா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தான். சிநேகிதனின் ஆட்டோவை கேட்டில் சர்ரென்று திருப்பி நிறுத்திவிட்டு, செக்யூரிட்டியைத் தள்ளாத குறையாக உள்ளே வந்தான். அப்பாவைப் போலவே உயரம். கண்ணில் தீ.

"எங்க நைனா டப்பு. நீ யாருக்கா நடுவுல?"

"நான் யாருமில்லப்பா" என்றேன். "உங்க நைனா உனக்குக் குடுக்கணும்னுதான் உட்கார்ந்திருக்கார். அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நீயும் கேளு. அப்புறம் நீ ஓடிபி சொல்லு, நானே டைப் அடிக்கிறேன்."

ஏழுமலையைப் பார்த்துக் கேட்டேன். "வேலை நின்ன பிறகு டீ குடிக்கணும்னா யார்கிட்ட கை நீட்டுவீங்க?"

"இவங்கிட்டதான். எம்புள்ள குடுக்காமயா பூடுவான்?"

"குடுப்பான்" என்றேன். "வசந்தாவுக்கு?" வசந்தா அவர் மனைவி. "நீங்க இல்லாத காலத்துல வசந்தாவுக்கு மாத்திரை வாங்கணும்னா?"

"அதுக்கும் இவந்தான்." சொல்லிவிட்டு ஏழுமலை தன் கையைப் பார்த்தார். வெப்பத்தில் காய்ந்து தோல் உரிந்த கை. மெதுவாக, என்னிடம் இல்லை, தனக்கே சொல்வதுபோல, "குடுப்பான். ஆனா நீட்டணுமே" என்றார்.

தினேஷ் அப்பாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். லேப்டாப்காரன் மறுபடி ஓடிபி அனுப்பிவிட்டு, "தம்பி, நம்பரு?" என்றான்.

"நம்பருமில்ல, ஒண்ணுமில்ல. மூடிக்கினு போ" என்று அவன்மேல் பாய்ந்தான் பையன். பிறகு அப்பாவிடம், "எய்ந்து வா நைனா. சோறு துன்னியா?" என்றான். இருவரும் வெளியே போனார்கள். கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை, வரிசையில் அடுத்தவன், "அக்கா, எனுக்கும் அந்த ரெண்டாவது கொடத்த அப்டியே வெச்சிரு" என்று வந்து நின்றான்.

தினேஷ் ஆட்டோ வாங்கவில்லை. நாள் வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஓட்டினான். என்னை எங்கே பார்த்தாலும் முறைப்பான். நியாயம்தான் என்று நானும் என் வழியில் போய்விடுவேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பெரிய ஆள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். முடியவில்லை. பத்து வருஷம் நிறைய இன்னும் சில மாதமே இருக்கும்போது, ஒரு கத்திரி வெயிலில், ஏழுமலை கம்பி ஆறும் இடத்தில் மயங்கி விழுந்தார்.

முதலுதவி அறைக்கு நான் ஓடியபோது உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மயக்கம்னு எயுதாத. காலு தடுக்கிச்சுன்னு எயுது. மயக்கம்னா நிறுத்திடுவானுங்க. இன்னும் கொஞ்ச மாசம்க்கா. நீதான சொன்ன, பத்து ஆவணும்னு?"

நானே ஊட்டிய ஆசை. "தடுக்கியது" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மறுநாளே அவர் மறுபடி அந்த வெக்கையில் நிற்பார். "மயக்கம்" என்று எழுதினால் கான்ட்ராக்டர் கழற்றிவிடுவான், குடம் நிரம்புவதற்கு முன்னே. உயிரா பென்ஷனா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? யோசிக்க அவகாசமில்லை. ஷிப்ட் சூப்பர்வைசர் விபத்துப் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

மயக்கம் என்றுதான் எழுதினேன். வேலை செய்யும் இடத்தின் வெப்பத்தால் மயக்கம் என்று முழுசாக எழுதினேன். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "துரோகி" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அவர் பயந்தது போலவே மறுநாள் கான்ட்ராக்டரின் ஆள், வயசானவர்களை நிறுத்தப்போவதாக வந்து நின்றான். முதல் பெயர் ஏழுமலை. நான் நேராக மில் மேனேஜரிடம் போனேன். நல்ல மனுஷர்தான், உற்பத்தி குறைந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

"மேடம், அந்த ஆளை அங்க நிறுத்துறது ஆபத்து. நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாம் சார். அங்க நிறுத்தக் கூடாது. வேலையைவிட்டும் நிறுத்தக் கூடாது. நம்ம வெக்கைல விழுந்த ஆளை, விழுந்ததுக்காகவே அனுப்பினா, நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லப்போறோம்? எழுதினது நான். கேட்டா உண்மையைத்தான் சொல்வேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ஆளுக்காகப் புதுசா ஒரு வேலையை உருவாக்கணுமா?"

"உருவாக்கவே வேண்டாம். டூல் ரூம்ல ஆள் இல்லைன்னு போன வாரம் கத்தினது நீங்கதான் சார். இந்தக் கதவு அதிர்ந்தது."

சிரித்துவிட்டார். சிரித்த மேனேஜரிடம் கையெழுத்து வாங்க ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டரின் ஆள் முணுமுணுத்தான். அவனிடம் மட்டும் மெல்லிய குரலில் சொன்னேன். "உங்க பில்லு என் மேஜை வழியாத்தான் போகும். எல்லாருக்கும் பி.எஃப். கட்டின ரசீது இல்லாம அது ஒரு அடி நகராது. ஏழுமலை பேரும் அதுல இருக்கணும், ஒரு மாசம்கூட விடாம."

உண்மையை மறைத்திருந்தால் இந்தப் பேச்சு எதையும் என்னால் பேசியிருக்க முடியாது. தொழிலாளி கெஞ்சும்போது பொய் எழுதத் தோன்றும். இரக்கத்தில்தான் தோன்றும். அந்தப் பொய் அவரைத் திருப்பி நெருப்புக்கே அனுப்பும். முழு உண்மையை எழுதுங்கள். எழுதிவிட்டு, அவருக்காகப் போய்ச் சண்டை போடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பாவம் வந்து சேரும்.

டூல் ரூமில் ஏழுமலை ஒரு ராஜாவைப் போல இருந்தார். கிழிந்த கையுறையைக் காட்டாமல் புதுசு கேட்டால் தரமாட்டார். "உங்க தாத்தா ஊட்டு சொத்தாடா இது?" என்று சின்னப் பையன்களை ஓட ஓட விரட்டுவார். என்னோடு சில வாரம் பேசவில்லை. ஒருநாள் டூல் ரூம் ஜன்னல் வழியாக ஒரு தூக்குச் சட்டியை நீட்டினார். பழவேற்காட்டு இறால் தொக்கு, வசந்தா செய்தது. "கோச்சிக்காதக்கா" என்றார். கோபித்தது நீங்கள்தானே என்றேன். "அத்தத்தான் சொல்றேன்" என்றார்.

பத்து நிறைந்தது. ஐம்பத்தெட்டில் நின்றார். பென்ஷன் வரத் தொடங்கிய மாதம், நான் பொன்னேரியில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா, வந்திச்சிக்கா." அவ்வளவுதான் சொன்னார். பின்னால் வசந்தா, "எனுக்கும் பாதி உண்டுன்னு கேட்டுக்கினியா?" என்று கத்துவது கேட்டது. "நான் போனப்புறம்தான்டி உனக்கு" என்று இவர் சொல்ல, அந்தம்மா இவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

பெரிய தொகையா என்றால், இல்லை. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ராஜபோகமாக வாழ முடியாது. அந்தப் பென்ஷன் இன்னும் உயர வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்பவள்தான். ஆனால் அரிசிக்கும் மாத்திரைக்கும் டீக்கும் ஆகிறது. மீதியைப் பையன் பார்த்துக்கொள்கிறான். ஆமாம், தினேஷ்தான். வாடகை வண்டியை ஒழுங்காக ஓட்டிப் பேர் எடுத்து, பிறகு பேங்கில் கடன் வாங்கிச் சொந்த ஆட்டோ எடுத்துவிட்டான். நானும் அதில் போயிருக்கிறேன். காசு வாங்கமாட்டேன் என்கிறான், முறைக்கவும் மறக்கவில்லை. முறைத்துக்கொண்டே, "எங்க நைனா இப்பல்லாம் எனக்கு டீ வாங்கித் தர்றாருக்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முக்கியமானது இதுதான். ஏழுமலை எந்த கேட்டிலும் வாட்ச்மேனாக நிற்கவில்லை. வீங்கின காலோடு யாரையும் கும்பிடவில்லை. அவருக்கு இப்போது நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதை எனக்கு போன் செய்த பெண்ணே நேரில் பார்த்துவிட்டாள். பேட்டையில் எங்கே சட்டை மாறுகிறது என்று கேள்விப்பட்டாலும் தன் கடைசி நீலச்சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே போய் நிற்கிறார். போகிற வருகிற பையன்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, "மொத கொடத்துல எடுத்தா எடு. ரெண்டாவதுல கைய வெச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்கிறார். நான் ஒரு நாள் முழுக்கப் பேசிச் செய்ய முடியாததை அந்தச் சட்டை ஒரே பார்வையில் செய்துவிடுகிறது. ஏனென்றால் அதைப் போட்டிருப்பவர் அவர்களில் ஒருவர்.

ஆகவே, என் தங்கமே, நீ கேட்டதற்குப் பதில். செக்யூரிட்டியைக் கூப்பிடாதே. கான்ட்ராக்டரின் ஆள் கத்தினால் அவன் பில்லு யார் மேஜை வழியாகப் போகிறது என்று ஞாபகப்படுத்து. நீ போய் அவருக்கு வணக்கம் சொல்லு. கால் வீங்கியிருக்காது, ஆனாலும் வயசாகிவிட்டது, வெயில் வேறு. உன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போ. யாரையும் தூக்கச் சொல்லாதே, நீயே தூக்கு. நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் போடு.

உட்காரச் சொன்னால் அவர் பயப்படமாட்டார். உட்காருவார்.